ஒரு பல் போனதுக்கு ஏன் மூணு பல்லுக்குப் பணம்? - ‘டென்டல் பிரிட்ஜ்’ கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

மாத்தூர் எம்.எம்.டி.ஏ காலனியில் காலை டிபன் கடை நடத்தும் 45 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழ்த்தாடையின் வலது பக்கத்தில் ஒரு கடைவாய்ப்பல்லை நான்கு வருடங்களுக்கு முன்பு பிடுங்கிவிட்டார். வலி போனது, பல்லும் போனது. அன்றிலிருந்து எல்லாச் சாப்பாடும் இடது பக்கம்தான். இப்போது இடது பக்கமும் கூச ஆரம்பித்திருக்கிறது.

டாக்டர் பார்த்துவிட்டு ஒரு துண்டுச்சீட்டில் ‘3 யூனிட் பிரிட்ஜ்’ என்று எழுதி, கீழே மூன்று பொருள்களின் பெயரையும் மூன்று விலையையும் குறித்துக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கல்லூரியில் படிக்கும் மகள் சீட்டை வாங்கிப் பார்க்கிறாள்.

“ஒரு பல்லுதானேம்மா போச்சு... எதுக்கு மூணு பல்லுக்குக் காசு?”

“அதான்டி எனக்கும் புரியல. நல்லா இருக்கிற ரெண்டு பல்லையும் அரைக்கணுமாம்!”

இந்த அம்மாவும் மகளும் கற்பனைதான். ஆனால், இந்த இரண்டு கேள்விகளும் பல வீடுகளில் எழுபவை. பெரும்பாலானோர் டாக்டரிடம் கேட்காமலேயே, மூன்று விலைகளில் நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், பல்லும் மிச்சம்!

‘பால் பல்லுதானே’ என்று விட்ட பல்

பிரிட்ஜ் தேவைப்படும் இடங்களில் அடிக்கடி காணாமல்போயிருப்பது முதல் கடைவாய்ப்பல். இது சுமார் ஆறு வயதில் முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் எட்டிப்பார்க்கும். அதனால் பல பெற்றோர் இதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். ‘எப்படியும் விழுந்து முளைக்கும்’ என்று சொத்தையைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆனால், அது விழுந்தால் முளைக்காது. வாயில் மற்ற நிரந்தரப் பற்களைவிட அதிக வருடங்கள் உழைக்கும் பல் அதுதான்.

அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு இடத்தைக் காலியாக விட்டால், பக்கத்துப் பற்கள் மெதுவாக அந்தக் காலி இடத்தை நோக்கிச் சாயலாம். மேலே எதிரில் இருக்கும் பல், முட்டுக்கொடுக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கி வரலாம். சாய்ந்த பற்களுக்கு இடையில் சாப்பாடு சிக்கும். சிக்கிய இடத்தில் சொத்தையும் ஈறு வீக்கமும் தொடங்கும்.

அதற்காக, போன பல் ஒவ்வொன்றுக்கும் கட்டாயம் மாற்றுப் பல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. வரிசையின் கடைசியில் இருக்கும் பல் மட்டும் போயிருந்து, மற்ற பற்களால் நன்றாக மெல்ல முடிந்தால், அப்படியே விட்டுவிட்டுக் கண்காணிப்பதும் மருத்துவம் ஏற்கும் வழிதான். ‘இதைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?’ என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

தூணும் உத்தரமும்

மாத்தூரிலிருந்து மாதவரம் பால்பண்ணைப் பக்கம் போனால், மெட்ரோ ரயிலுக்காக எழுப்பியிருக்கும் தூண்களைப் பார்க்கலாம். இரண்டு தூண், நடுவே உத்தரம். மேலே ஓடும் ரயிலின் எடையை உத்தரம் வாங்கித் தூணுக்குக் கொடுக்கும். தூண் அதை மண்ணுக்குள் இறக்கும். வாயில் கட்டும் பிரிட்ஜும் இதே கணக்குதான். அதில் நான்கு விஷயங்கள் உண்டு.

*அபட்மென்ட்:* இதுதான் தூண். காலி இடத்தின் இரு பக்கமும் இருக்கும் உங்கள் சொந்தப் பற்கள்.

*ரிடெய்னர்:* தூண் பல்லின் மேல் தொப்பி மாதிரி உட்காரும் ‘கேப்’. பிரிட்ஜை வாயோடு பிடித்துவைப்பது இதுதான்.

*பான்டிக்:* நடுவில் தொங்கும் போலிப் பல். இதற்கு வேர் கிடையாது. ஈறுக்குள் எதுவும் போகாது.

*கனெக்டர்:* பான்டிக்கையும் கேப்பையும் இணைக்கும் கழுத்துப்பகுதி. கண்ணுக்கு அதிகம் தெரியாது. பிரிட்ஜ் உடைந்தால் பெரும்பாலும் உடைவது இங்கேதான்.

இப்போது மகளின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. போனது ஒரு பல். ஆனால் லேபில் செய்வது இரண்டு கேப், ஒரு பான்டிக். மொத்தம் மூன்று யூனிட். பல் மருத்துவமனைகளில் பொதுவாக ஒரு யூனிட்டுக்குத்தான் விலை சொல்வார்கள். ‘ஒரு பல்லுக்கு இவ்வளவு’ என்று கேட்டுவிட்டு வருபவர்கள், அதை மூன்றால் பெருக்கிப் பார்க்க வேண்டும். தூண் பல்லுக்கு ரூட் கேனால் தேவைப்பட்டால் அது தனிக்கணக்கு.

இந்த யோசனை நேற்று வந்ததும் இல்லை. இன்றைய இத்தாலியில் 2,500 வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த எட்ருஸ்கன் மக்கள், மெல்லிய தங்கப் பட்டையைப் பக்கத்துப் பற்களில் சுற்றி, நடுவில் மாற்றுப் பல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். அன்றும் பாரத்தைத் தாங்கியது பக்கத்துப் பல்தான்.

நீளம் கூடினால் எட்டு மடங்கு வளையும்!

‘ரெண்டு பல் போயிருக்கு, மூணு பல் போயிருக்கு, எல்லாத்தையும் ஒரே பிரிட்ஜா கட்டிடலாமா?’ என்று சிலர் கேட்பார்கள். இங்கேதான் இன்ஜினீயரிங் குறுக்கே வருகிறது.

உத்தரம் எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஒரு பான்டிக் இருக்கும் பிரிட்ஜ் ஒரு பங்கு வளைகிறது என்றால், அதே கனத்தில் இரண்டு பான்டிக் வைத்தால் 8 பங்கு வளையும். மூன்று பான்டிக் வைத்தால் 27 பங்கு. கனத்தைப் பாதியாகக் குறைத்தாலும் வளைவு 8 மடங்காகும். உலோகம் வளைந்தால் மேலே இருக்கும் பீங்கான் பூச்சு தெறிக்கும். வளையாத பீங்கான் என்றால் கனெக்டரில் விரிசல் விடும்.

அதனால்தான் கனெக்டரின் குறுக்களவுக்கு ஒரு குறைந்தபட்சக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் மூன்று யூனிட் சிர்கோனியா பிரிட்ஜ் என்றால், கனெக்டர் பொதுவாகச் சுமார் 9 சதுர மி.மீ. இருக்க வேண்டும். அதாவது 3 மி.மீ. அகலம், 3 மி.மீ. உயரம். பல் குட்டையாக இருப்பவர்களுக்கு அந்த உயரம் கிடைக்காது. அப்போது டாக்டர் உலோகத்தைப் பரிந்துரைத்தால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தூணுக்கும் ஒரு கணக்கு உண்டு. ‘தூண் பற்களின் வேர்ப்பரப்பு, இல்லாத பற்களின் வேர்ப்பரப்புக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும்’ என்று 1926-ல் கனடா பல் மருத்துவர் ஆன்டே சொன்னார். இன்று அதை மீறவே முடியாத சட்டமாக யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும், வேரின் நீளம், எலும்பின் உயரம், ஈறின் ஆரோக்கியம் மூன்றையும் எக்ஸ்ரேயில் பார்த்த பிறகே பிரிட்ஜ் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பது மாறவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் ‘நாளைக்கு வாங்க, அளவு எடுத்துடலாம்’ என்றால் யோசியுங்கள்.

அரைத்த பல் திரும்பாது

அம்மாவின் கவலைக்கு வருவோம். கேப் உட்கார வேண்டும் என்றால், தூண் பல்லைச் சுற்றிலும் இடம் வேண்டும். அந்த இடத்தை அரைத்துத்தான் உண்டாக்க வேண்டும். உலோகத்தின் மேல் பீங்கான் வைக்கும் கேப்புக்கு, மெல்லும் பரப்பில் சுமார் 1.5 முதல் 2 மி.மீ. வரை எடுக்க வேண்டியிருக்கும். முழு உலோகத்துக்கும் முழு சிர்கோனியாவுக்கும் அதைவிடக் குறைவாக எடுத்தால் போதும்.

மில்லிமீட்டரில் கேட்டால் சின்ன அளவுதான். ஆனால், முன்பற்களை வைத்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், முழு கேப்புக்காக அரைக்கும்போது ஈறுக்கு மேலே தெரியும் பல்லின் எடையில் 63 முதல் 72 சதவிகிதம் வரை போய்விடுகிறது என்று கணக்கிட்டார்கள். எனாமல் மறுபடி வளராது. ஒருமுறை அரைத்துவிட்டால், அந்தப் பல்லுக்கு ஆயுள் முழுக்க கேப் வேண்டும்.

எனவே, பக்கத்துப் பற்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் பிரிட்ஜ் நல்லதா இல்லையா என்று சொல்ல முடியும். அவை ஏற்கெனவே பெரிய ஃபில்லிங் போட்டவை, ரூட் கேனால் செய்தவை என்றால், எப்படியும் கேப் போட வேண்டிய பற்கள்தான். பிரிட்ஜ் அவற்றையும் பாதுகாக்கும். இரண்டும் கீறல்கூட இல்லாத முழுப்பற்கள் என்றால், இம்ப்ளான்ட் பற்றியும் ஒருமுறை பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது. தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து அதன் மேல் பல் வைப்பது இம்ப்ளான்ட். பக்கத்துப் பற்களைத் தொடாது. ஆனால் எலும்பு போதுமான அளவு இருக்க வேண்டும், சிறிய அறுவை சிகிச்சை உண்டு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், செலவும் கூடுதல். மூன்றாவது வழி, கழற்றி மாட்டும் பல். செலவு குறைவு, அரைப்பதும் மிகக் குறைவு. பழகத்தான் நாளாகும்.

இன்னொன்று... ‘தூண் பல் என்றாலே ரூட் கேனால் செய்துதான் ஆக வேண்டும்’ என்பது தவறான எண்ணம். உயிரோடு ஆரோக்கியமாக இருக்கும் பல்லை, நரம்பைத் தொடாமலேயே தூணாகப் பயன்படுத்தலாம். ஆழமான சொத்தை, அதிகம் சாய்ந்த பல், நரம்புவரை அரைக்க வேண்டிய நிலை என்று காரணம் இருந்தால்தான் ரூட் கேனால். என்ன காரணம் என்று கேளுங்கள்.

சீட்டில் இருந்த மூன்று பெயர்கள்

*முழு உலோகம்:* நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம் கலவை. பார்க்க வெள்ளி நிறம். சிரித்தால் தெரியும் இடத்துக்கு யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால், உள்ளே தள்ளி இருக்கும் கடைவாய்க்குக் குறைந்த செலவில் நீண்டகாலம் உழைக்கும். உடையாது, அதிகம் அரைக்கவும் வேண்டாம். ஒரு காலத்தில் இந்த இடத்தில் தங்கக் கலவைதான் இருந்தது. 1970-களில் தங்கத்தின் விலை ஏறியபோதுதான் நிக்கல், கோபால்ட் கலவைகள் பெரிய அளவில் உள்ளே வந்தன.

*உலோகத்தின் மேல் பீங்கான்:* டாக்டர்கள் ‘பி.எஃப்.எம்’ அல்லது ‘மெட்டல் செராமிக்’ என்று எழுதுவது இதைத்தான். உள்ளே 0.3 முதல் 0.5 மி.மீ. கனத்தில் உலோகத் தொப்பி. அதன் கருமையை மறைக்க ஓர் ஒளிபுகாப் பூச்சு. அதன் மேல் பல்லின் நிறத்தில் அடுக்கடுக்காகப் பீங்கான். ஒவ்வோர் அடுக்கையும் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். உலோகமும் பீங்கானும் சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் ஏறக்குறைய ஒத்துப்போகாவிட்டால் பீங்கான் தெறித்துவிடும். அந்தப் பொருத்தத்துக்கு வழிகண்ட அமெரிக்கக் காப்புரிமைகள் 1962-ல் வெளியாயின. அதற்குப் பிறகுதான் இந்த வகை உலகம் முழுக்கப் பரவியது. குறைகள் இரண்டு: பீங்கான் சில்லு பெயரலாம். ஈறு கொஞ்சம் இறங்கினால் ஓரத்தில் கறுப்புக்கோடு தெரியலாம்.

*சிர்கோனியா:* உலோகம் போன்ற உறுதி, பல் போன்ற நிறம். சிர்கோனியம் ஆக்ஸைடு என்ற பொருள் இது. இதற்கு மூலமான சிர்கான் கனிமம் நம்ம ஊர்க் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல் பிரித்தெடுக்கும் கனிமங்களில் சிர்கானும் ஒன்று. டென்டல் லேபுக்கு வரும் கட்டி அங்கிருந்துதான் வருகிறது என்று அர்த்தமில்லை. அந்த மணலின் உறவுக்காரர்தான் வாய்க்குள் உட்கார்ந்திருக்கிறார்!

லேபுக்கு வரும்போது சிர்கோனியா கட்டி சாக்பீஸ் மாதிரி மென்மையாக இருக்கும். கம்ப்யூட்டர் வரைந்த அளவில் இயந்திரம் அதைக் கடைந்தெடுக்கும். பிறகு சுமார் 1,500 டிகிரி சூட்டில் சுடும்போது 20 சதவிகிதத்துக்கும் மேல் சுருங்கி இறுகும். அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு, முதலிலேயே பெரிதாகக் கடைந்துவைப்பார்கள். இதன் உறுதிக்கு ஒரு சுவாரஸ்யமான காரணம் உண்டு. உள்ளே ஒரு விரிசல் தொடங்கினால், அந்த முனையில் இருக்கும் துகள்கள் வடிவம் மாறிச் சற்றே பருக்கின்றன. பருத்த துகள்கள் விரிசலை இரு பக்கமிருந்தும் நெருக்கி, மேலே பரவாமல் தடுக்கின்றன.

ஆனால், ‘சிர்கோனியா’ என்ற ஒரே பெயரில் பல ரகங்கள் இருக்கின்றன. பளிச்சென்று ஒளி ஊடுருவும் ரகம் அழகாக இருக்கும், உறுதி குறைவு. உறுதியான ரகம் கொஞ்சம் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். முழுக்க ஒரே கட்டியில் கடைந்ததா, மேலே பீங்கான் பூசியதா என்பதும் முக்கியம். பூசியதில் சில்லு பெயரும் வாய்ப்பு உண்டு. கடைவாய் பிரிட்ஜுக்கு உறுதியான ரகத்தில் ஒரே கட்டியாகச் செய்வது பரவலான வழக்கம்.

இந்த மூன்றையும் தாண்டி, முன்பற்களுக்கு ‘லித்தியம் டைசிலிகேட்’ என்ற கண்ணாடிப் பீங்கானும் உண்டு. பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால், சிறிய மூன்று யூனிட் பிரிட்ஜைத் தாண்டி அதை நம்ப முடியாது. கடைவாய்க்கு ஏற்றதல்ல. லேபிலிருந்து அசல் வரும்வரை மாட்டிவிடும் அக்ரிலிக் பிரிட்ஜ், சில வாரங்களுக்கான தற்காலிக ஏற்பாடு மட்டுமே. ‘நல்லாதானே இருக்கு’ என்று அதோடு நிறுத்திவிட்டால், அது தேய்ந்து, ஓரங்களில் உமிழ்நீர் கசிந்து, அரைத்த பல் சொத்தையாகிவிடும்.

முன்பல் ஒன்று மட்டும் போனவர்களுக்கு, அதிகம் அரைக்காமல் பக்கத்துப் பல்லின் பின்புறம் இறக்கை போல ஒட்டும் ‘மேரிலேண்ட் பிரிட்ஜ்’ ஒரு வழி. 1980-களில் அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் உருவானதால் அந்தப் பெயர். ஒட்டு விடும் வாய்ப்பு அதிகம் என்றாலும், தூண் பல் பெரும்பாலும் முழுசாக இருக்கும்.

கவரிங் கம்மல் சொல்லும் ரகசியம்

கவரிங் கம்மல் போட்டால் காது சிவந்து அரிக்கிறதா? பேன்ட் பட்டன் படும் இடத்தில் தடிக்கிறதா? மலிவான வாட்ச் ஸ்ட்ராப் ஒத்துக்கொள்வதில்லையா? உங்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். காது குத்திக்கொள்வதால் இது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம்.

விலை குறைந்த உலோக கேப்புகளில் நிக்கல்-குரோமியம் அதிகம் பயன்படுகிறது. ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் அது வாயில் பிரச்னை தரும் என்றில்லை. ஆனால், கேப்பைச் சுற்றி ஈறு ஓயாமல் சிவந்திருப்பது, உதட்டோரம் அரிப்பு என்று வந்தபிறகு கழற்றுவதைவிட, முன்பே சொல்லிவிடுவது எளிது. கோபால்ட்-குரோமியம் அல்லது சிர்கோனியாவுக்கு டாக்டர் மாற்றிக்கொள்வார். கோபால்ட்டும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் ‘பேட்ச் டெஸ்ட்’ செய்துகொள்ளலாம்.

‘பெரிலியம் இல்லாத உலோகமா?’ என்பதும் நல்ல கேள்வி. பழைய நிக்கல் கலவைகள் சிலவற்றில் வார்ப்பு எளிதாக வருவதற்காக பெரிலியம் சேர்த்தார்கள். அதன் தூசி, லேபில் உட்கார்ந்து தேய்த்து மெருகேற்றும் டெக்னீஷியனின் நுரையீரலைத்தான் முதலில் பாதிக்கும். பல் உலோகங்களில் பெரிலியம் 0.02 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது சர்வதேசத் தரவிதி. மணலி, எண்ணூர் வட்டாரத்தில் ஆலைத் தூசியோடு வேலை செய்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை புரியும்.

பத்து வருடக் கணக்கு

பிரிட்ஜ் எத்தனை வருடம் வரும்? உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளியான ஓர் அலசல், இரு பக்கமும் தூண் உள்ள வழக்கமான பிரிட்ஜ்களில் சுமார் 89 சதவிகிதம் பத்து வருடங்கள் கழித்தும் வாயில் இருந்ததாகச் சொல்கிறது. ஒரு பக்கம் மட்டும் தூண் இருந்து, மறுபக்கம் பான்டிக் தொங்கும் வகையில் அது சுமார் 80 சதவிகிதம். பத்து வருடத்தோடு ஆயுள் முடிந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. நன்றாகப் பராமரித்தால் அதற்கு மேலும் வரும்.

எதனால் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பொருள் உடைந்து போவதைப் போலவே, அடியில் இருக்கும் தூண் பல் சொத்தையாகிப் போவதும் முக்கியக் காரணம். சிர்கோனியா சொத்தையாகாது, உலோகமும் சொத்தையாகாது. கேப்பின் விளிம்பும் பல்லும் சேரும் இடம் மட்டும் ஆகும். சில நிறுவனங்கள் தரும் வாரன்ட்டி கார்டு பொதுவாகப் பொருளுக்குத்தான். உங்கள் தூண் பல்லுக்கு வாரன்ட்டி, நீங்கள் சுத்தம் செய்வது மட்டுமே.

பிரிட்ஜைப் பல்லோடு பிடித்திருப்பது மெல்லிய சிமென்ட் அடுக்கு. ஒரு பக்கத்தில் மட்டும் சிமென்ட் விட்டுப்போனால், மறுபக்கம் பிடித்திருப்பதால் பிரிட்ஜ் கழன்று விழாது. ஆனால், விட்ட பக்கத்தில் மெல்லும்போதெல்லாம் உமிழ்நீர் உள்ளே போய் வரும். ரூட் கேனால் செய்த பல் என்றால் வலியும் தெரியாது. கெட்ட வாடை, கசப்புச் சுவை, கடித்தால் லேசாக அசைவது போன்ற உணர்வு... இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் போனால் கழற்றி மறுபடி ஒட்டலாம். தள்ளிப்போட்டால் தூணே போய்விடும்.

பான்டிக்குக்கு அடியிலும் சுத்தம் செய்யுங்கள்!

பிரிட்ஜின் மூன்று பற்களும் ஒன்றாக ஒட்டியிருப்பதால், சாதாரண ஃப்ளாஸ் நூலை மேலிருந்து இறக்க முடியாது. பக்கவாட்டில் நுழைத்து, பான்டிக்குக்கு அடியில் இழுக்க வேண்டும். அதற்காகவே முனை விறைப்பான ‘சூப்பர் ஃப்ளாஸ்’ நூல் கிடைக்கிறது. சின்ன ‘இன்டர்டென்டல் பிரஷ்’ஷும் உதவும். தினமும் இரவில் இரண்டு நிமிடம் போதும். ஃப்ளோரைடு பேஸ்ட்டால் காலையும் இரவும் பல் துலக்குவது வழக்கம்போலத் தொடர வேண்டும்.

சுத்தம் செய்ய முடியுமா என்பது, பான்டிக்கின் அடிப்பாகம் எப்படி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஈறை குதிரைச் சேணம் போல இரு பக்கமும் கவ்வும் வடிவத்தில் அடியில் நூல் போகாது, அழுக்கு தங்கிவிடும். ஈறை லேசாக ஒரு பக்கம் மட்டும் தொடும் வடிவம் நல்லது. கீழ்க் கடைவாயில், ஈறைத் தொடாமல் அடியில் இடைவெளி விட்டுக் கட்டும் வடிவமும் உண்டு. ஆற்றுப்பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுவது போல, கொப்பளிக்கும் தண்ணீர் அதன் அடியில் ஓடிவிடும்.

காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த நண்டின் ஓட்டைப் பல்லால் உடைப்பது, கோகுலாஷ்டமி சீடையைக் கடிப்பது, பொங்கல் கரும்பை உரிப்பது, பாட்டில் மூடியைத் திறப்பது... இதெல்லாம் பிரிட்ஜ் இருக்கும் பக்கம் வேண்டாம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். இரவில் மாட்டிக்கொள்ள ‘நைட் கார்டு’ தருவார்கள். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கும் ஈறும் எலும்பும் சீக்கிரம் கரையும். அவர்கள் முதலில் ஈறுக்கு வைத்தியம் பார்த்த பிறகே பிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

எங்கே போகலாம்?

வடசென்னை மக்களுக்கு எட்டும் தூரத்தில், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே முத்துசாமி சாலையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கிய நிறுவனம் இது. செயற்கைப் பல் பொருத்துவதற்கென்றே ‘புராஸ்தோடான்டிக்ஸ்’ என்ற தனித்துறை உண்டு. பல தடவை அலைய வேண்டியிருக்கலாம். ஆனால், அங்கே ஒருமுறை காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது யாருக்கும் நல்லது.

தனியார் என்றால், பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த பி.டி.எஸ் அல்லது எம்.டி.எஸ் டாக்டர்தானா என்று பாருங்கள். பதிவு இல்லாதவர்கள் பல் மருத்துவம் பார்ப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. பக்கத்துப் பல்லில் கம்பியைச் சுற்றி அக்ரிலிக்கைப் பூசி, ‘அரை மணி நேரத்தில் ஃபிக்ஸட் பல்’ கட்டித் தருபவர்களிடம் போனால், அடியில் அழுக்கு தங்கி, நன்றாக இருக்கும் இரண்டு பக்கத்துப் பற்களையும் இழக்க நேரிடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. இந்த இடத்தைக் காலியாக விட்டால் எனக்கு என்ன ஆகும்?

2. தூண் பற்களின் வேரும் எலும்பும் எக்ஸ்ரேயில் எப்படி இருக்கின்றன?

3. இம்ப்ளான்ட், கழற்றி மாட்டும் பல் ஆகியவை எனக்குப் பொருந்துமா?

4. தூண் பல்லுக்கு ரூட் கேனால் தேவையா? என்ன காரணம்?

5. எத்தனை யூனிட்? விலை ஒரு யூனிட்டுக்கா, மொத்தத்துக்கா?

6. உலோகம் என்றால் எந்தக் கலவை? நிக்கல், பெரிலியம் இருக்கிறதா?

7. சிர்கோனியா என்றால் எந்த ரகம்? ஒரே கட்டியா, மேலே பூச்சா?

8. பான்டிக்குக்கு அடியில் எப்படிச் சுத்தம் செய்வது? கண்ணாடியில் செய்து காட்டுவீர்களா?

மாத்தூர் அம்மாவுக்கு வருவோம். அவர் இந்தக் கேள்விகளோடு மறுபடி போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் என்கிறார். நிக்கல் சீட்டிலிருந்து போய்விடுகிறது. எக்ஸ்ரேயில் பின்னால் இருக்கும் கடைவாய்ப்பல் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோடு முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. அதற்கு எப்படியும் கேப் வேண்டும். அப்படியானால் அவருக்கு பிரிட்ஜ் பொருத்தமான வழிதான். முன்னால் இருக்கும் முழுப் பல்லை அரைக்க அவர் சம்மதிக்கலாம், அல்லது பின்பல்லுக்கு மட்டும் கேப் போட்டுவிட்டு இம்ப்ளான்டுக்குப் பணம் சேர்க்கலாம். இரண்டுமே சரிதான். எதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. பிரிட்ஜ் மாட்டி முடித்ததும், என்ன பொருள், என்ன ரகம், எந்த நிறம், எந்தத் தேதி, எந்தச் சிமென்ட் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஊர் மாறலாம், டாக்டர் மாறலாம், தலையில் எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்க வேண்டி வரலாம். வாயில் இருப்பது என்ன என்று அப்போது யாரும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தச் சீட்டை ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே போட்டுவையுங்கள். போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருந்தால், இன்று இரவு அதன் வாயைத் திறந்து கடைசிப் பல்லைப் பாருங்கள். அது பால் பல் இல்லை!